ஓசிப் பெட்டி

தியோடருக்குக் கடன் வாங்குகிறவனைக் கண்டாலே குமட்டும். மகள் லவினாவைப் பெண் கேட்டு பெங்களூர் ஒக்கலிபுரம் வீட்டுக்கு வந்த க்ளென்னின் கடன் மதிப்பெண்ணைக் காட்டும் சிபில் ரிப்போர்ட்டை அழுக்குத் துணி மாதிரி இரண்டு விரலால் பிடித்தார்.

"இப்ப 768. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி 591. அப்ப என்ன கிழிச்சிட்டிருந்தே?"

"பீன்யாவுல ஃபேக்டரி வேலை போயிடுச்சு அங்கிள். பைக் லோன் கட்ட முடியலை. அப்புறம் ஏஜென்ட் யாரையும் பிடிக்காம, நானே பாக்கியைக் கட்டி, ரிப்போர்ட்ல தப்பா இருந்ததுக்கு எழுதிப் போட்டு, ஸ்கோரை ஏத்தினேன்."

"ஒட்டுப் போட்ட சட்டை புதுசாயிடுமா? என்னைப் பாரு! ஒரு பைசா கடன் கிடையாது. மால்ல ஓசியில சூட்கேஸ் தர்றாங்கன்னு ஒரு கிரெடிட் கார்டு வாங்கினேன். சூட்கேஸ் கைக்கு வந்ததும் கார்டைக் கத்தரியால வெட்டிக் குப்பையில போட்டேன். பேங்க்லேர்ந்து எந்த போன் வந்தாலும் பிளாக். அதுக்குப் பேர்தான் ஒழுக்கம்!"

க்ளென் தயங்கினான். "எங்கப்பாவும் உங்களை மாதிரிதான் அங்கிள். பொண்ணோட அப்பா ஸ்கோரையும் பார்த்துட்டு வரச் சொன்னாரு."

"தாராளமா பாரு!" பான் நம்பரையும், போனில் வந்த ஓடிபியையும் ராகம் போட்டுப் படித்தார் தியோடர்.

க்ளென் போனைத் திருப்பிக் காட்டினான். 548.

"கார்டைத்தான் வெட்டியிருக்கீங்க அங்கிள், கணக்கை மூடலை. கார்டோட வருஷக் கட்டணம் வட்டி மேல வட்டியா ஆறு வருஷமா நிக்குது."

தியோடர் பரண் மேலிருந்த சூட்கேஸைப் பார்த்தார்.

"ஒட்டுப் போடறதுக்கு நானே சொல்லித் தரேன் அங்கிள்," என்று எழுந்தான் க்ளென். "ஆனா, ஒட்டுப் போட்ட சட்டைன்னா எங்கப்பாவுக்கும் ஆகாதே!"