உமையாள் ஆச்சியின் முறை

“அடுப்பு வேறன்னா வேறதான் ஆத்தா. நாளைக்கு உப்பு இல்லை, புளி இல்லைன்னு கிண்ணத்தைத் தூக்கிக்கிட்டு இங்குட்டு வரப்படாது.”

“வரலை அயித்தை.”

வேறு வைத்த அன்று மாமியாரும் மருமகளும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். கல்யாணமான மகனுக்கு அதே வீட்டில் தனி அடுப்பும் தனிச் சாமான்களும் கொடுத்துவிடுவது அவர்கள் வழக்கம். மகன் அரசப்பன் பினாங்குக்குக் கப்பல் ஏறிய பிறகும் வழக்கம் மாறவில்லை. கானாடுகாத்தானில் அந்தப் பெரிய வீட்டின் ஒரு கோடியில் உமையாள் ஆச்சி தனக்கு மட்டும் உலை வைத்தாள். மறுகோடியில் வள்ளிக்கண்ணு தனக்கு மட்டும் உலை வைத்தாள்.

அந்தப் பேச்சுதான் அன்று காலை கொல்லைத் தோட்டத்தில் வெறுங்கூடையோடு நின்ற வள்ளிக்கண்ணுவுக்கு ஞாபகம் வந்தது. முந்தின நாள் பறிக்கப் பார்த்து வைத்த பெரிய கத்திரிக்காயில் ஒன்றுகூடச் செடியில் இல்லை; பிஞ்சுகள்தான் மிச்சம். இன்றைக்கும் மாமியார் முன்னால் போய் நிற்க வேண்டும்.

தோட்டம் பங்காளிகளுக்குப் பொது. அரிசித் தட்டுப்பாடு வந்த வருஷம் ஆளுக்கொரு பங்காகப் பிரித்துக் காய்கறி போட்டார்கள். கிணறு, வேலி, காவல் எல்லாம் வருஷத்துக்கு ஒரு வீட்டார் முறை. களவு போனால், பறிகொடுத்தவருக்கு முறைக்காரர் வீட்டில்தான் அன்றைய மத்தியானச் சாப்பாடு. சோறு போடுகிற பயத்திலாவது ஒழுங்காகப் பார்த்துக்கொள்வார்கள் என்று செய்த ஏற்பாடு.

இந்த வருஷம் உமையாள் ஆச்சி முறை. தை மாதம் வேலியில் விழுந்த ஓட்டை ஆடி வந்தும் அப்படியே இருந்தது. கிணற்று ராட்டினம் உடைந்து ஓரமாகக் கிடந்தது. வீட்டுக்குள் ஒரு தட்டு இடம் மாறினாலும் கண்டுபிடிக்கிற ஆச்சி, தோட்டத்தைப் பற்றிக் கேட்டால் மட்டும் “பாப்பம்” என்றாள்.

“பெரியாத்தா முறையில மாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு” என்று பங்காளி சேவுகன் போகிற வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தான். அவன் கீரைப் பாத்தியை மாடு இரண்டு முறை மேய்ந்திருந்தது. ஆனால் மனிதர் கைபட்டுக் களவு போனது வள்ளிக்கண்ணுவின் காய் மட்டும்தான். ஓட்டையை ஒட்டி இருந்தது அவள் பங்கு.

அவள் தலையைக் கண்டதும் ஆச்சி கேட்டாள்.

“போச்சா?”

“போச்சு அயித்தை.”

“உனக்கு ஊத்தி ஊத்தியே என் குழம்புச் சட்டி தேஞ்சுபோச்சு. கையைக் கழுவிட்டு உக்காரு.”

எந்த நாள் போனாலும் ஆச்சியின் சட்டியில் இரண்டு பேருக்குக் காணுகிற குழம்பு இருக்கும். விறகை மிச்சம் பிடிக்க ராத்திரிக்கும் சேர்த்தே வைத்துவிடுகிறாள் என்று வள்ளிக்கண்ணு நினைத்துக்கொண்டாள். பரிமாறி முடிக்கிறவரை ஆச்சி கள்ளனைத் திட்டுவாள். பிறகு வள்ளிக்கண்ணுவின் கையெழுத்து, அவள் பிறந்த வீட்டு மாடு, அரசப்பன் சின்ன வயதில் அழுத கதை என்று பேச்சு எங்கெங்கோ போகும்.

சாப்பாடு ருசியாகத்தான் இருந்தது. தன்னால் மாமியாருக்கு நஷ்டம் என்ற எண்ணம்தான் உறுத்தியது. அதனால் அன்று சாப்பிட்ட கையோடு சேவுகனிடம் போய், களவுக்கு ஒரு வழி பண்ணச் சொன்னாள். இதற்காகவே காத்திருந்தவன்போல அவன் மறுநாள் காலையிலேயே பங்காளிகளை வீட்டு நடுமுற்றமான வளவில் கூட்டிவிட்டான்.

கூட்டத்துக்குப் புறப்படுமுன் வள்ளிக்கண்ணு தோட்டத்தை எட்டிப் பார்த்தாள். மிச்சமிருந்த பிஞ்சுக் கத்திரிக்காயும் போயிருந்தது.

கள்ளன் யார் என்பதில் சேவுகனுக்குச் சந்தேகமே இல்லை. தோட்டத்துக்குத் தண்ணீர் இறைக்கிற பெத்தன்தான். கிணற்றடிக் குடிசையில் பெண்டாட்டியோடு குடியிருப்பவன் அவன் ஒருவன்தான்.

“நான் கத்திரிக்காய் திங்கிறதில்லைங்க. எனக்குச் சொறி வரும்” என்றான் பெத்தன்.

யாரும் சிரிக்கவில்லை. தின்னாவிட்டால் விற்றிருப்பான் என்றார்கள். பொழுது சாய்வதற்குள் குடிசையைக் காலி பண்ண வேண்டும் என்று முடிவானது. பெத்தனின் பெண்டாட்டி தூணோரத்தில் நின்று சத்தமில்லாமல் அழுதாள். வாயைத் திறந்தோமே என்று வள்ளிக்கண்ணு தலையைக் குனிந்துகொண்டாள்.

“முறைக்காரவுக வாயால சொன்னாத்தான் செல்லும். சொல்லுங்க பெரியாத்தா, சோறு போட்டே நொந்து போயிருக்கீக” என்றான் சேவுகன்.

எல்லாரும் ஆச்சியைப் பார்த்தார்கள். ஆச்சி பெத்தனைப் பார்த்தாள். அவன் பெண்டாட்டியைப் பார்த்தாள். பிறகு எழுந்து தன் அடுப்படிக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு முறம் இருந்தது. அதைக் கொண்டுவந்து வள்ளிக்கண்ணுவின் காலடியில் வைத்தாள். காம்பு வாடாத பிஞ்சுக் கத்திரிக்காய்கள்.



“பெத்தா, நீ போயி வேலியை அடைடா” என்றாள் ஆச்சி. அவன் போகிறவரை காத்திருந்தாள். பிறகு மருமகளின் முகத்தைப் பார்க்காமல், முறத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

“ஒத்தையாத் திங்க முடியலைத்தா... அடுப்பை ஒண்ணாக்கிருவமா?”