புது மருந்தை நிறுத்துங்க!

"என் தங்கச்சி என்ன சோதனை எலியா? அந்தப் புது மருந்தை இன்னையோட நிறுத்துங்க. நான் இவளை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்!"

புற்றுநோய் வார்டில் அண்ணன் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். பஸ் ஓட்டும் தங்கை அசையவில்லை.

"எலிகிட்ட யாரும் சம்மதம் கேக்க மாட்டாங்கண்ணா. என்கிட்ட கேட்டாங்க. எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்னும் சொன்னாங்க. பாதி வழியில வண்டியை விட்டு இறங்கி எனக்குப் பழக்கமில்லை."

"உன் தலையைப் பாரு! ஒரு முடி இருக்கா? எல்லாம் அந்தப் புது மருந்து பண்ற வேலை."

கட்டிலருகே நின்ற டாக்டர் அவளைப் பார்த்தார். 'சொல்லிடுங்க' என்பதுபோல் அவள் தலையசைத்தாள்.

"இவங்களுக்கு ஏத்துறது எல்லாருக்கும் கொடுக்கிற பழைய மருந்துதாங்க. இந்தச் சோதனையில பாதிப் பேருக்குப் புதுசு, பாதிப் பேருக்குப் பழசு. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்."

அண்ணன் டாக்டர் பக்கம் திரும்பினார். பிறகு முன்னைவிடப் பெரிதாகக் கத்தினார். "புதுசை வச்சுக்கிட்டு என் தங்கச்சிக்கு ஏன் கொடுக்கலை?"

தங்கைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இதுக்குத்தான் உங்ககிட்ட சொல்லலை. புதுசு நல்லதா இல்லையான்னு இன்னும் யாருக்கும் தெரியாதுண்ணா. பழசோட ஒப்பிட்டாத்தானே தெரியும்? என்னையும் வாராவாரம் தலையிலேர்ந்து கால்வரைக்கும் பார்க்கிறாங்க. நாளைக்கு இந்தக் கட்டில்ல படுக்கிறவளுக்கு எந்த மருந்துன்னு சந்தேகம் வரக் கூடாது. அதுக்குத்தான் கடவுள் என்னை இங்க உட்கார வச்சிருக்கார். நான் வரமாட்டேன்."

ஊசியோடு வந்த நர்ஸிடம் கையை நீட்டினாள்.

அண்ணன் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவளது இன்னொரு கையைப் பிடித்துக்கொண்டார்.

"பார்த்துக் குத்தும்மா. இவளுக்குச் சின்ன வயசுலேர்ந்தே ஊசின்னா பயம்."