ரேகை

வங்கியின் கைரேகைக் கருவி இன்றும் பீர்முகம்மதுவை ஏற்கவில்லை. “மெஷின் இது நீங்க இல்லைங்குது. நாளைக்கு வாங்க” என்றாள் கவுண்டரில் இருந்த பெண். வெளியே வந்தால் சைக்கிள் செயின் கழன்று தொங்கியது. பக்கத்தில் தன் சைக்கிளை நிறுத்திய தெருக்காரர் தாசையன் விஷயத்தைக் கேட்டுவிட்டுக் குனிந்து பார்த்தார். “செயின் தொளதொளன்னு இருக்கு பாய். பின்சக்கரத்தை இழுத்து வச்சு முடுக்குங்க. விரலுக்குத் தேங்காயெண்ணெய் தடவிப் பாருங்க, எனக்கு ரேகை அப்படித்தான் விழுந்துச்சு.”

“தடவாத எண்ணெயா? என் பணத்தை எடுக்க நான் வேற யாரா வரணும்?”

வங்கி மூடுவதற்குள் இன்னொரு தடவை வைத்துப் பார்க்கலாமென்று, செயினை மாட்டிய கறுத்த கையோடு ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவைத் தள்ளினார். அதற்குள் உள்ளிருந்து பூட்டிவிட்டார்கள். கையை எடுத்தபோது கட்டைவிரல் ரேகை ஒரு கோடு விடாமல் கண்ணாடியின் வெளிப்பக்கத்தில் பதிந்திருந்தது. காவலாளி உள்பக்கமிருந்து துணியால் அதைத் தேய்த்துக்கொண்டே இருந்தான்.