இடப்பக்கம் மட்டும் பாய்பவன்

கபடியில் பாடிப் போகும் ஒரு ரெய்டரின் தலைவிதி அவன் கால் கட்டைவிரலில் எழுதியிருக்கிறது என்பது சற்குணத்தின் சித்தாந்தம். தன் கட்டைவிரல் பிசகித்தான் அவர் ஆட்டத்தை விட்டார். இப்போது ஒரு கபடி லீக் அணிக்கு ஆள் பொறுக்குகிறவர். புதுமுகம் இளம்பரிதி அனுப்பிய வீடியோவை நாற்பது தடவை பார்த்து எட்டுப் பக்க அறிக்கை எழுதியிருந்தார். பலம், மின்னல் வேகம். பலவீனம், இடப்பக்கம் மட்டுமே பாய்வான்.

"வலப்பக்கம் பாய்ஞ்சான்னா என் மீசைய எடுத்துடறேன் சார்," என்றார் அணி முதலாளியிடம்.

தேர்வு நாள். மூன்று ரெய்டிலும் புள்ளி எடுத்தால் இளம்பரிதிக்கு அணியில் இடம். சற்குணம் ஏழு தடுப்பாளர்களில் ஆறு பேரை இளம்பரிதியின் இடப்பக்கம் குவித்தார். அவன் பாடிக்கொண்டே வந்து வலப்பக்கம் பாய்ந்தான். தனியாக நின்றவரைத் தொட்டுவிட்டுத் திரும்பினான்.

"அண்ணே, நாங்களும் அந்தப் பக்கம் போகட்டுமா?"

"நில்லுங்கடா! நடிக்கிறான்."

மூன்று தடவையும் நடித்தான். முதலாளி எழுந்து விசிலடித்தார். தடுப்பாளர்களே அவனைத் தோளில் தூக்கிக் குதித்தார்கள்.

"வீடியோல இடப்பக்கமே போனியேப்பா?" என்றார் சற்குணம்.

"தங்கச்சி செல்ஃபி கேமராவுல எடுத்தது சார். அவ போன்ல இடம் வலம் மாறித்தான் பதிவாகும். ஓரத்துல அவளும் சிரிச்சிட்டிருப்பாளே, பாக்கலியா?"

சற்குணம் அன்று மாலையே மீசையை எடுத்தார். அந்த வீடியோவில், இளம்பரிதியின் முதுகில் இருந்த 27 என்ற எண் நாற்பது தடவையும் இடம் வலம் திரும்பித்தான் தெரிந்தது.