புலி எந்தப் பக்கம்?

"எவனோ ஒரு பொறுப்புக் கெட்டவன் செய்த வேலைதான் இது," என்று பாதை பிரியும் இடத்தில் நின்று பொருமியது செவலை ஆடு. இரண்டு பாதையும் பட்டிக்குத்தான் போகும். எதில் புலி இருக்கிறது என்பதுதான் கேள்வி.

காட்டுச் சேதி எழுதிய தேக்கிலை அங்கே தொங்கியது. பழைய இலையைப் பார்த்து அணிலும் மைனாவும் ஆளுக்கொரு பிரதி எடுத்துத் தனித்தனியே திருத்தியிருந்தன. இரண்டையும் ஒன்றாக்கிய தையல்சிட்டு பக்கத்துக் கிளையிலிருந்து சொன்னது:

"ஊற்று வற்றிய சேதியை அணில் மட்டும் திருத்தியிருந்தது, எடுத்துக்கொண்டேன். நாவல் பழுத்ததை மைனா மட்டும், அதையும் எடுத்துக்கொண்டேன். புலி வரியில் இரண்டு பேரும் கைவைத்துவிட்டார்கள். அதனால் இரண்டையும் போட்டு நடுவில் கோடு தைத்துவிட்டேன்."

'புலி இடப்பக்கம்.' கோடு. 'புலி வலப்பக்கம்.'

"ஏம்மா, எது சரி?"

"நான் தைக்கிறவள் அக்கா. முடிவு சொல்கிறவள் இல்லை," என்று சிட்டு பறந்துவிட்டது.

பின்னால் யாரோ கனைத்தார்கள். திரும்பினால் புலி.

மூன்று சந்தைக்கு விற்க ஓட்டிப்போயும் வாய்ப்பேச்சாலேயே தப்பித் திரும்பி வந்த ஆடு அது. "இங்கே என்னய்யா வேலை? இலையைப் படியும். ஒன்று இடப்பக்கம் இருக்கிறீர், இல்லை வலப்பக்கம் இருக்கிறீர். நடுவில் நிற்க உமக்கு ஏது உரிமை?"

புலி இரண்டு முறை படித்தது. "எழுத்தில் இருப்பதை மீறக் கூடாதுதான். முடிவாகட்டும்," என்று ஆட்டின் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டது.

வெயில் சாய்ந்தது. புலியின் வயிறு உறுமியது. ஆடு காடே கேட்கும்படி கத்தியது: "முடிவு சொல்ல வேண்டிய மகராசன் எவனாயிருந்தாலும் சரி, இவருக்குப் பசி முற்றுமுன் வந்து ஒரு வரியை அடித்துவிட்டுப் போ. எந்த வரியானாலும் எனக்குச் சம்மதம்."