மெதுவாகவே போகட்டும்

“செட்டிங்ஸ் மட்டும் பார்த்துட்டு எழுந்துடாதீங்க. லைசன்ஸையும் பாருங்க,” என்றாள் அவள்.

அவன் தலையாட்டினான். தகவல்களைச் சேமித்து வைக்கும் ஸ்டோரேஜ் கருவியை விற்ற கம்பெனி அனுப்பிய இன்ஜினியர் அவன். இந்த அலுவலகத்து சர்வர்கள் எல்லாம் அவள் பொறுப்பு. இருவரும் கணவன் மனைவி.

மழைக்காலத்துக்கு முன்பே வீட்டில் பேச்சு நின்றுபோயிருந்தது. முதலில் வாயை மூடியது யார் என்பது இருவருக்குமே மறந்துவிட்டது. இன்று சாயங்கால ரயிலில் அவள் அண்ணன் வீட்டுக்குப் போகிறாள். திரும்பி வருவதாக இல்லை. அவளுடைய பெட்டி இந்த சர்வர் அறையின் கதவோரமே தயாராக நின்றது.

கணினிக்குள் மென்பொருளாகவே இயங்கும் மெய்நிகர் சர்வர்களை ஸ்டோரேஜின் பழைய பகுதியிலிருந்து புதிய பகுதிக்கு மாற்றி முடிக்காமல் அவள் கிளம்ப மாட்டாள். அதுவோ நத்தையாக ஊர்ந்தது.

“இந்த லட்சணத்துல நகர்ந்தா நான் வண்டி பிடிச்ச மாதிரிதான்.”

“பார்க்கறேன்.”

“கல்யாணம் ஆனதுலேர்ந்து பார்த்துக்கிட்டேதான் இருக்கீங்க.”

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அவள் குத்திப் பேசிக் கேட்டே எவ்வளவு நாளாயிற்று.

அப்போதுதான் அந்த வரி கண்ணில் பட்டது. வேகப்படுத்தும் ஆக்சிலரேஷன் வசதிக்கு எதிரே பூஜ்யம். அங்கே ஒன்று என்று இருந்தால், சர்வர் ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஸ்டோரேஜ் தன் சுமையைத் தானே இடம் மாற்றிக்கொள்ளும். பூஜ்யம் என்றால் சர்வரே ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, சுமந்து, மறுபடி உள்ளே கொண்டுபோய் வைக்க வேண்டும்.

லைசன்ஸைப் பார்த்தான். எல்லா வசதியும் உள்ள உயர்ந்த வகை. பூஜ்யத்தை ஒன்றாக்கினால் மிச்சமெல்லாம் தேநீர் ஆறுவதற்குள் முடிந்துவிடும். அவளுக்கு ரயிலும் கிடைத்துவிடும்.

விரல் விசைமேல் போய் நின்றது.

“என்ன ஆச்சு?”

“லைசன்ஸ்ல வேகப்படுத்தற வசதி இல்ல,” என்றான். “மலிவா எதையோ வாங்கிப் போட்டிருக்காங்க. ஒண்ணும் பண்ண முடியாது.”

வேலை விஷயத்தில் அவன் சொன்ன முதல் பொய் அது. அவள் திரையைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அப்ப மெதுவாவே போகட்டும்.”

சர்வர் விசிறிகளின் இரைச்சல் தூரத்து மழைபோல் கேட்டுக்கொண்டிருந்தது. பச்சை விளக்குகள் மினுக்கின. தண்ணீருக்கு அடியில் உட்கார்ந்திருப்பதுபோல் இருந்தது. இங்கேயும் மௌனம்தான். ஆனால் வீட்டு மௌனத்தில் ஆளுக்கொரு அறை இருந்தது. இதில் இருவருக்கும் ஒரே அறை.

“நேத்து ஒரு கனவு,” என்றாள் வெகுநேரம் கழித்து. “நம்ம வீடு ஆத்துல மிதந்து போகுது. நீங்க பாட்டுக்கு ஜன்னலோரமா பேப்பர் படிச்சுக்கிட்டிருக்கீங்க.”

“நீ?”

“தொண்டை கிழியக் கத்தறேன். உங்களுக்குக் கேட்கல.”

“நிஜத்துல கத்தியிருக்கலாமே.”

“நிஜத்துல எனக்குச் சத்தம் வரலையே.”

அவன் கை நகர்ந்து, அவள் கையருகே போய்ப் படுத்துக்கொண்டது. அவள் தன் கையை எடுக்கவில்லை.

கடைசி சர்வரும் புதிய இடத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம் மங்கியிருந்தது.

“வண்டி போயிருக்கும்,” என்றான், வருத்தப்படுவதுபோல.

“இந்நேரம் ஆத்துப் பாலத்தைத் தாண்டியிருக்கும். கொஞ்சம் தள்ளுங்க.”

அவன் தோளுக்கு மேலாகக் குனிந்தாள். நூற்றுக்கணக்கான வரிகள். எதையும் தேடவில்லை, நேராக அந்த ஒரு வரிக்குப் போய், பூஜ்யத்தை அழித்து ஒன்று என்று போட்டாள்.

அவன் நாற்காலியோடு அவள் பக்கம் திரும்பினான்.

“இதுல எப்பவும் ஒண்ணுதான் இருக்கும்,” என்றாள் அவள் மெல்ல. “உங்களை அனுப்பச் சொல்லி உங்க ஆபீஸுக்குப் போன் பண்றதுக்கு முன்னாடிதான் பூஜ்யமாக்கினேன்.”