இறால் வழக்கு

குமுதா இரண்டு பக்கமும் ஒரே அளவாகச் சிரித்தாள்.

சமரசப் பயிற்சியின் போன தேர்வில் அவள் கோட்டைவிட்டதே இதில்தான். ஒருவரை ‘அண்ணே’ என்றும் மற்றவரை ‘சார்’ என்றும் கூப்பிட்டுத் தொலைத்தாள். வியாபாரத் தகராறில் நடுவே உட்காருகிறவள் ஒருவருக்குத் தங்கச்சியாகவும் இன்னொருவருக்கு வேலைக்காரியாகவும் இருக்க முடியாது என்று, கோலாலம்பூரிலிருந்து வரும் பயிற்சியாளர் விக்னேஸ்வரி எழுதிவிட்டார்.

இது கடைசி வாய்ப்பு. தேறினால் ஈப்போவில் புதிதாகத் திறக்கும் சமரச மையத்தில் நிரந்தர வேலை. இல்லையென்றால் பழையபடி ஜெலாப்பாங் கையுறைத் தொழிற்சாலை.

தகராறு கற்பனைதான். பாரிட் புந்தாரிலிருந்து இறால் ஏற்றி வந்த குளிர்சாதன லாரி பாதியில் படுத்துவிட்டது. கெட்டுப்போன இறாலை லாரிக்காரரே முடிவெடுத்துக் கொட்டிவிட்டார்.

லாரிக்காரராக நடித்தவர் உடன் படிக்கும் கனகராஜ். இறால் வியாபாரி வேடத்துக்கு வணிகர் சங்கம் அனுப்பிவைத்தது, லகாட் ஊர் இரும்புக்கடை சிவபிரகாசத்தை.

கனகராஜ் வசனத் தாளைப் பார்த்துப் பார்த்துப் பேசினார். சிவபிரகாசம் தன் தாளைக் கவிழ்த்து வைத்துவிட்டார்.

“எறால் போனாப் போவுதுலா. என்னைய ஒரு வார்த்தை கேக்கல பாருங்க, அதான் தாங்கல.”

சொல்லிக்கொடுத்தபடி குமுதா அதையே திருப்பிச் சொன்னாள். “உங்கள ஒரு வார்த்தை கேட்டிருக்கணும். கேக்காதது உங்களுக்கு வலிச்சிருக்கு.”

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தலையசைத்தார். கனகராஜ் மன்னிப்புக் கேட்க, இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். விக்னேஸ்வரி ‘தேர்ச்சி’ என்று எழுதினார்.

முதலிலேயே நிரப்பியிருக்க வேண்டிய படிவம், அச்சு இயந்திரம் மக்கர் செய்ததால் அப்போதுதான் வந்து சேர்ந்தது. ஒரே கேள்வி: இந்த மேசையில் உங்கள் உறவினர் யாரும் உண்டா? உண்டென்றால் தேர்வு செல்லாது.

குமுதா யோசிக்காமல் ‘இல்லை’ என்று எழுதிக் கொடுத்தாள். கனகராஜும் அப்படியே.

சிவபிரகாசம் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிதானமாக எழுதினார்.

விக்னேஸ்வரி அதைப் படித்தார். குமுதாவைப் பார்த்தார். ‘தேர்ச்சி’யின் மேல் கோடு போட்டு அடித்தார்.

‘உண்டு. குமுதா என் மருமகள்.’

அவரைக் கேட்காமல் மகன் பதிவுத் திருமணம் செய்துகொண்டு ஒன்பது வருடமாகிறது. ஒருநாளும் அவர் அவளை மருமகள் என்று சொன்னதில்லை; அவளும் அவரை உறவென்று எண்ணிப் பழகியதில்லை.

குமுதாவுக்கு ஈப்போ வேலை கைநழுவிப் போனது. ஆனாலும் அந்தத் தாளைக் கேட்டு வாங்கி, மறுபடி மறுபடி படித்தாள்.